கடைவாய்ப் புண்

என் அக்கா ஜமுனா தன் மகளைக் கை நீட்டி அடித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஆர்த்தியின் தாடையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பியவள், ஒரு நொடி அப்படியே நின்றாள். அடுத்த நொடி பளாரென்று ஒரு அறை. ஆர்த்தியின் கையில் இருந்த டீ டம்ளர் உருண்டு என் காலடிக்கு வந்து நின்றது.

“எங்கடி போன? மெய்யச் சொல்லு.”

ஆர்த்தி கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண். நானும் கிட்டே போய்ப் பார்த்தேன். உதட்டின் இரண்டு ஓரமும் வெடித்துச் சிவந்திருந்தன. ஒரு பக்கம் ரத்தம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. எனக்கு மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் பிறந்த யாருக்கும் அந்தப் புண் எங்கே வாங்கியது என்று தெரியும்.

தெரியாமல் என்ன? எங்கள் எல்லோர் வாயிலும் அதுதானே இருக்கிறது. நாங்கள் பழவேற்காட்டு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்கள். எங்களுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் முட்டி போட்டுக் கழுத்து வரைக்கும் அமுங்கி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர வேண்டும். கை இரண்டும் சேற்றுக்குள் இருந்தால் பிடித்த இறாலை எதில் போடுவது? அதற்குத்தான் பறி. பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. அதன் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டால் பறி தண்ணீரில் மிதந்து முகத்துக்கு முன்னாலேயே வரும். பிடிக்கப் பிடிக்கக் கனக்கும். கயிறு கடைவாயை அறுக்கும், உப்புத் தண்ணீர் அதை ஆற விடாது. கீழே சிப்பி முட்டியைக் கிழிக்கும்.

அக்கா குனிந்து ஆர்த்தியின் பேன்ட்டை முட்டிக்கு மேலே ஏற்றினாள். அங்கேயும் சிராய்ப்பு.

“ஸ்கூலுக்குப் போறேன்னு சொல்லிட்டு எறா தடவப் போனியாடி?”

ஆர்த்தி தரையைப் பார்த்தபடி, “ஆமாம்மா. ஏரிக்குத்தான் போனேன்,” என்றாள்.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்டதே, இல்லை என்று அந்தப் பெண் சொல்ல வேண்டும் என்றுதான். அவளுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் எதுவும் இருந்ததில்லை. இந்தப் பெண் பிறந்தபோது, இவள் வாயில் பறிக் கயிறு ஏறக் கூடாது என்று ஒன்றைச் சொன்னாள். அது ஒன்றுதான். அதற்காகத்தான் அவள் வீட்டுக்காரர் பெருமாள், சுண்ணாம்புக்குளம் பக்கத்தில் இறால் பண்ணைக்குக் காவல் போய், வாரம் ஒருமுறை வந்து மகள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். என் வீட்டுக்காரரும் அங்கேதான்.

எனக்கு மூக்கின் மேல் கோபம். நாக்கு அதற்கும் ஒரு அடி முன்னால் ஓடும். “கவுச்சி இல்லாம இருக்க முடியலையா மகாராணிக்கு?” என்று நானும் என் பங்குக்குப் போட்டேன். “தோ, லோகா இல்ல? ஆறாவதுதான் படிக்கிறா. ஒழுங்கா போய் ஒழுங்கா வரல? அவ வாயப் பாரு, பூ மாரி கீது.”

என் மகள் லோகாம்பாள் மூலையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர ஒரு வாய் எடுத்து வைக்கவில்லை. அடி விழுந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டது பிள்ளை என்று நினைத்தேன்.

“நாளைக்கு நான் ஸ்கூலுக்கு வரேன்,” என்றாள் அக்கா. “பெரிய சார் கையில கால்ல வுழுந்தாவது கேக்கறேன். இவள கண்ணுல வெளக்கெண்ண வுட்டுப் பாத்துக்கச் சொல்றேன்.”

அறை வாங்கியபோது அழாதவள் அப்போது அழுதாள். “வராதம்மா. இனிமே ஏரிக்குப் போவவே மாட்டேன். ஸ்கூலுக்கு மட்டும் வராத.” அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். செய்த தப்பு வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறாள், இதற்கொன்றும் குறைச்சலில்லை என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் காலையில் பிடித்த இறாலை வியாபாரி மனோரமாவிடம் கொடுத்துவிட்டு, குளித்து, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். பள்ளிக்கூடம் கடலோரக் குப்பத்தில் இருக்கிறது. அது கடலுக்குப் போகிறவர்களின் ஊர். எங்கள் குடியிருப்புக்கும் அதற்கும் நடுவில் ஒரு மணல்வெளிதான். ஆனாலும் அந்த ஊரில் நாங்கள் நின்றுகொண்டே பேசிப் பழகியவர்கள். உட்கார் என்று யாரும் சொல்வதில்லை, நாங்களும் உட்கார்வதில்லை. எங்கள் இறாலை வாங்குகிற மனோரமாவும் அந்த ஊர்தான். அவள் வீட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

“இன்னாடி தேவி, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சிங்காரிச்சிக்கினு எங்க?” என்றாள் மனோரமா, ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டே.

“ஸ்கூலுக்குக்கா,” என்றாள் ஜமுனா. “ஆர்த்தி ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு ஏரியில எறங்குறா. சொல்லி வைக்கலாம்னு.”

“உங்க புள்ள ஏரிக்குப் போவாம கலெக்டர் ஆபீசுக்கா போவும்?” மனோரமா சிரித்தாள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். நம் இறாலை எடுக்கிறவள் சிரித்தால் நாமும் சிரித்துத்தான் ஆக வேண்டும். எனக்கு அந்தச் சிரிப்பு எப்போதும் வராது. அதனால்தான் பேச்சுவார்த்தையை எல்லாம் அக்காவே வைத்துக்கொள்வாள்.

வராந்தாவில் வைஷ்ணவி டீச்சர் நின்றிருந்தாள். எட்டாம் வகுப்புக்கு அவள்தான் டீச்சர். பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வருகிற சின்ன வயசுப் பெண், நல்ல மாதிரி. எங்களைப் பார்த்ததும் நாற்காலி இழுத்துப் போட்டாள். நாங்கள் உட்காரவில்லை. அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

“ஆர்த்தியா?” டீச்சர் புருவத்தைச் சுருக்கினாள். “அவ ஒரு நாள் கூட லீவு போடலையேம்மா. காலையில முதல் ஆளா வந்து நிக்கிறது அவதான்.”

“இல்ல மிஸ், நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க. அவளே ஒத்துக்கினா. வாயெல்லாம் கிழிஞ்சி, முட்டியெல்லாம் தேஞ்சி...”

“வாயா?” டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. “ஓ, அதுவா! அது ஏரியில இல்லம்மா. அது விளையாட்டு. இருங்க, உங்களுக்குக் காட்டுறேன். நீங்க பார்த்தே இருக்க மாட்டீங்க.”

செல்போனை எடுத்து எங்கள் முன்னால் பிடித்தாள். நம்ம ஊர்த் தொழில் என்று ஒரு நாள் விழா வைத்தார்களாம். குப்பத்துப் பையன்கள் கிழிந்த வலையைப் பொத்திக் காட்டினார்களாம். ஒரு பையன் கட்டுமரம் தள்ளுவது எப்படி என்று பெஞ்சைத் தள்ளிக் காட்டினானாம். “எல்லாருடைய தொழிலுக்கும் மரியாதை குடுக்கணும்னுதான், ஆர்த்தி, நீயும் உங்க வீட்டுத் தொழிலைச் செஞ்சு காட்டுன்னு நான்தான் சொன்னேன்.”

போனில் என் அக்கா மகள் தெரிந்தாள். சிமென்ட் மேடை மேல் முட்டி போட்டிருந்தாள். கிழிந்துபோனதென்று நான் மூலையில் போட்டிருந்த பழைய பறியின் கயிறு அவள் பல்லில் இருந்தது. தண்ணீர் இல்லை, சேறு இல்லை. காய்ந்த தரையை இரண்டு கையாலும் தடவித் தடவி நகர்ந்தாள். ஒரே கைத்தட்டல். கைத்தட்டலுக்கு நடுவில் சிரிப்பு. யாரோ “எறா! ஏ எறா!” என்று கத்துகிறார்கள். ஆர்த்தி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், போதுமா, நிறுத்தட்டுமா என்று கேட்கிற பார்வை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மறுபடி குனிந்து தடவினாள்.

“எவ்வளவு அழகா செஞ்சா பாருங்க,” என்றாள் டீச்சர். அவள் முகத்தில் உண்மையான பெருமை இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “பேரன்ட்ஸ் குரூப்ல போட்டேன். எல்லாரும் கைத்தட்டு போட்டாங்க. அதுக்கப்புறம் பசங்களே இதை ஒரு விளையாட்டா வச்சுக்கிட்டாங்க. அவளும் சிரிச்சுக்கிட்டேதான் செய்வா.”

அந்தக் குரூப்பில் நாங்கள் இல்லை. எங்களிடம் இருப்பது பட்டன் போன். ஊரே பார்த்ததை நாங்கள்தான் கடைசியாகப் பார்த்தோம்.

மணி அடித்தது, சாப்பாட்டு மணி. பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கட்டடத்துக்குப் பின்னால் குழாயடிப் பக்கமிருந்து அதே கூச்சல் கேட்டது, போனில் கேட்ட அதே கூச்சல். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் ஓடினோம் என்று தெரியாது.

ஆர்த்தி நான்கு காலில் இருந்தாள். குழாயடியிலிருந்து படிக்கட்டு வரைக்கும் சிமென்ட் தரை. அவள் வாயில் ஒரு துணிப் பையின் காது. அந்தப் பைக்குள் யார் யாருடைய சாப்பாட்டு டப்பாக்களோ அடைத்து, அது தரையில் இழுபட்டு வந்தது. முன்னால் ஒரு பெண் பின்பக்கமாக நடந்துகொண்டு, நாயைக் கூப்பிடுவது போல் விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தாள். மனோரமாவின் மகள் மோகனப்பிரியா.

“தடவு, தடவு. கையத் தூக்காத. பைய வுட்டீன்னா மறுபடியும் மொதல்லேந்து.”

சத்தியமாகச் சொல்கிறேன், வாய்க்காரி என்று பேரெடுத்த எனக்கு அந்த நேரம் ஒரு சொல் வரவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் ஆர்த்தியின் உடுப்புதான். ஒரு சொட்டு ஈரமில்லை. நேற்றும் அது காய்ந்துதானே இருந்தது? ஏரிக்குப் போய்விட்டு வந்தவள் தலையில் ஈரம் இல்லை, உடம்பில் சேற்று நாற்றம் இல்லை. தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் இரண்டு பேரும் வாய்ப் புண்ணைப் பார்த்தோம், அதைப் பார்க்கவில்லை.

ஆர்த்தி தலையைத் தூக்கினாள். அம்மாவைப் பார்த்தாள். பார்த்த பிறகும் பையை விடவில்லை. அம்மா வந்து நிற்கிறாள் என்று தெரிந்தும், விட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டுமே என்கிற பயம் பல்லைத் திறக்க விடவில்லை.

அக்கா போய் அவள் முன்னால் முட்டி போட்டாள். “வுடுடி. வுடு கண்ணு. அம்மா வந்துட்டன் இல்ல,” என்று தாடையைப் பிடித்து மெதுவாகத் திறந்து பையின் காதை எடுத்தாள். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. வந்த குரலில் நான் என்னென்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. சாப்பாட்டுக் கூடத்துப் பிள்ளைகளிலிருந்து பெரிய சார் வரைக்கும் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

பெரிய சார் தங்கவேல், எங்களைத் தன் அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். மோகனப்பிரியாவை ஒரு ஓரமாக நிற்க வைத்தார். வைஷ்ணவி டீச்சர் பேயறைந்தது போல் சுவரோடு ஒட்டி நின்றாள். குழாயடியில் தட்டோடு நின்ற லோகாவை நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தேன்.

“ஏம்மா ஆர்த்தி,” என்றார் சார், “இப்படின்னு வீட்டுல சொல்லாம, ஏரிக்குப் போனேன்னு ஏன் சொன்ன?”

ஆர்த்தி அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடி வாங்கினியேடி,” என்றாள் அக்கா. குரல் உடைந்து போயிருந்தது. “ஒரு தப்பும் பண்ணாத உன்ன அடிச்சிட்டனே. வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?”

“ஏரின்னு சொன்னா நீ அடிப்ப. அவ்ளோதாம்மா,” என்றாள் ஆர்த்தி. “இதச் சொன்னா நீ இங்க வருவ. வந்து இவங்க முன்னாடி கையக் கட்டிக்கினு நிப்ப. இப்ப நிக்கிற இல்ல, அந்த மாரி.”

அக்கா கட்டியிருந்த கையைச் சட்டென்று எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது என் பக்கத்தில் ஒரு விசும்பல். லோகா. “என்னத்தான் பெரிம்மா மொதல்ல கூப்டாங்க,” என்று வெடித்து அழுதாள். “நீயும் அந்த ஊருதான, நீ சின்ன எறா, நீ வந்து கவ்வுன்னு சொன்னாங்க. அக்காதான் அவள வுடுங்க, சின்னப் பொண்ணு, நான் வரேன்னு சொல்லுச்சி. நான் ஒரு நாள் வரலன்னா அவங்க உன்னக் கூப்டுவாங்க, அதனாலதான் டெய்லி வரேன்னு அக்கா சொல்லுச்சி. யாருக்கும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிச்சி.”

காய்ச்சல் அடித்த நாளிலும் ஆர்த்தி பள்ளிக்கூடத்துக்கு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். டீச்சர் பெருமையாகச் சொன்னாளே, ஒரு நாள் கூட லீவு இல்லை என்று. அது படிப்பு ஆசை என்று அவள் நினைத்திருக்கிறாள். நான் லோகாவின் வாயைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லாத வாய். அந்த வாயைக் காட்டித்தான் முந்தின நாள் ஆர்த்தியை ஏசினேன். ஆர்த்தியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது, கிட்டே போகத் தைரியம் வரவில்லை.

பெரிய சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். “நடந்தது நடந்துபோச்சு. நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. டீ.சி. தரேன். ஆரம்பாக்கம் பக்கம் சேர்த்து விடுங்க. பஸ் இருக்கு, ரயில் இருக்கு. பொண்ணுக்கும் நிம்மதி.”

“அடிபட்டவ எடத்தக் காலி பண்ணணும், அடிச்சவ உக்காந்து படிக்கணும். நல்லா கீது சார் உங்க நாயம்!” என்றேன். “இவ போயிட்டா நாளைக்கு என் பொண்ணு. அதுக்கு அப்பால இன்னொருத்தி. எங்க குடியிருப்பையே ரயில் ஏத்திடுவீங்களா? போலீஸ் டேசனுக்கே போறேன் நானு.”

போலீஸ் என்றதும் சாரின் முகம் மாறியது. “ஐயோ, வெளியில கொண்டுபோகாதீங்கம்மா. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க.”

அக்காதான் பதில் சொன்னாள். “எம் பொண்ணு இங்கயே படிக்கணும் சார். இந்த மாரி இல்லாம படிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.”

“நாளைக்குக் காலையில பிரேயருக்கு வாங்க,” என்றார் அவர். “எல்லார் முன்னாடியும் நான் குடுக்கிற தண்டனையில, இனிமே ஒருத்தரும் உங்க பிள்ளைங்க பக்கம் திரும்ப மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

வீட்டுக்கு வந்ததும் ஆர்த்தி புத்தகப் பையைப் பரண் மேல் வைத்துவிட்டாள். “நான் போவல சின்னம்மா,” என்றாள் என்னிடம். அம்மாவிடம் சொல்ல முடியாததை என்னிடம்தான் சொல்லுவாள். “லோகாவையும் அனுப்பாத. நாங்க ரெண்டு பேரும் ஏரிக்கே வந்துடறோம். அங்க கவ்வினா யாரும் சிரிக்க மாட்டாங்க.”

அக்கா அவள் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்: “நாளைக்கு ஒரு நாளு வா. நாயம் கெடைக்குதான்னு உன் கண்ணால பாரு. கெடைக்கலன்னா நானே உங் கையில பறியக் குடுக்கறன். அப்பால நான் ஒரு வார்த்த பேச மாட்டன்.” அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நான் திடுக்கிட்டுப் போனேன். ஆர்த்தியும்தான். சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் பிரேயருக்குப் பள்ளிக்கூடம் முழுக்க வரிசையில் நின்றது. மனோரமாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கூட நாலைந்து குப்பத்துப் பெண்கள். எங்களைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் நின்றாள். ஆர்த்தி எட்டாம் வகுப்பு வரிசையின் கடைசியில், யாருடனும் ஒட்டாமல் நின்றிருந்தாள்.

சார் மைக்கைப் பிடித்தார். ஒழுக்கம், ஒற்றுமை, எல்லோரும் சமம் என்று கொஞ்ச நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு அவர் குரலை உயர்த்தினார்.

“மோகனப்பிரியா, முன்னாடி வா. முட்டி போடு. நீ அந்தப் பொண்ணை என்ன செய்ய வச்சியோ, அதையே நீ இப்ப செய். இந்தப் பையை வாயில கவ்விக்கிட்டு மைதானத்தை ஒரு சுத்து வா. எல்லாரும் பாருங்க. இனிமே எவனுக்காவது இந்த மாதிரி புத்தி வந்தா இதுதான் கதி.”

பொய் சொல்வானேன், எனக்கு வயிறு குளிர்ந்தது. போடு முட்டி, நன்றாகத் தேயட்டும் என்றுதான் நினைத்தேன்.

மோகனப்பிரியா அழ ஆரம்பித்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு மனோரமா ஓடி வந்தாள். “சார், வேணாம் சார்! பெரம்பால அடிங்க சார். தோல உரிங்க, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். நாளெல்லாம் வெயில்ல நிக்க வைங்க. இத மட்டும் பண்ண வைக்காதீங்க. ஊர்ல நாங்க எப்படி சார் தல காட்டுறது? பறி கவ்வுற சாதியா சார் நாங்க?”

இதைச் சொன்னபோது அவள் எங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். எங்களைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. நாங்கள் அங்கே இருப்பதே அவளுக்கு நினைவில்லை. பிரம்படியைவிட, தோலை உரிப்பதைவிடக் கேவலமானது எது என்று அவள் நெஞ்சிலிருந்து வந்தது. அன்றைக்குக் காலையிலும் எங்கள் பறியிலிருந்து அவள்தான் இறாலை அள்ளினாள்.

இந்தப் பெரிய சார் நேற்றெல்லாம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஒரு பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியதிலேயே கொடிய தண்டனை எது என்று தேடியிருக்கிறார். தேடித் தேடி, என் அக்கா தினமும் விடிந்ததும் செய்வதைக் கண்டுபிடித்திருக்கிறார். அதற்குப் போய் நான் சந்தோஷப்பட்டேனே! அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“தள்ளிப் போங்கம்மா,” என்று சார் மனோரமாவை விலக்கினார். மோகனப்பிரியா விம்மிக்கொண்டே கையைத் தரையில் ஊன்றினாள். பையின் காதை வாயில் வைத்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

எட்டாம் வகுப்பு வரிசையிலிருந்து ஆர்த்தி வெளியே வந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். மோகனப்பிரியாவின் முன்னால் குனிந்தாள். என்ன செய்யப் போகிறாளோ என்று எனக்கு உயிரே இல்லை. “வுடு,” என்று சொல்லிப் பையை அவள் வாயிலிருந்து எடுத்தாள். நிமிர்ந்து சாரைப் பார்த்தாள்.

“இது வேணாம் சார்.”

“ஏம்மா? உனக்காகத்தானே?” சாருக்கு உண்மையாகவே புரியவில்லை.

“தண்டன வேற எதுனா குடுங்க சார்,” என்றாள் ஆர்த்தி. “இது எங்கம்மா வேல.”

மைக் அணைக்கப்படவில்லை. அந்தச் சொல் மைதானம் முழுக்கக் கேட்டது. சார் மைக்கை மெதுவாகக் கீழே இறக்கினார். வைஷ்ணவி டீச்சர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மனோரமா அப்போதுதான் எங்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் நினைவு தெரிந்த நாளிலிருந்து பறிக் கயிற்றைக் கவ்வுகிறவள். அதை வேலை என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். வெளியாட்களைச் சொல்லி என்ன பயன்? நாங்களே சொன்னதில்லை. தலையெழுத்து என்றோம், பாழாப்போன பொழப்பு என்றோம். மகள் வாயில் ஏறக் கூடாத அழுக்கு என்றோம். அதே வாயில் ஏறி, கிழித்து, ரத்தம் பார்த்த பிறகு இந்தப் பெண் அதற்கு வேலை என்று பேர் வைத்தாள்.

பையைச் சாருக்கு முன்னால் கிடந்த மேஜை மேல் வைத்துவிட்டு ஆர்த்தி அப்படியே நின்றாள். இப்போது எங்கள் பக்கம் வருவாளா, வரிசைக்குப் போவாளா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போ என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், சொன்ன வாக்கை அக்கா மீற மாட்டாள். அக்கா கூப்பிடவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

யாரோ மணி அடித்தார்கள். வரிசைகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஆர்த்தி ஆறாம் வகுப்பு வரிசைக்குப் போய் லோகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளை அவள் வகுப்பு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். பிறகு தன் வகுப்புப் பக்கம் திரும்பினாள்.

அக்கா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

“உள்ள போய்ட்டா தேவி,” என்றாள். “உள்ள போய்ட்டா.”